காகத்துக்கு வைத்த சோறு

குழந்தை இயல் நித்திரையாகிவிட்டாள். யசோதரன் கட்டில் விளிம்பில் இருந்தபடி அவளுடைய மூடிய இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்கு உள்ளே கண்மணி அசைகிறது, ஒரு பக்கம் போய் நிற்கிறது, திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. கனவு. எல்லாக் குழந்தைகளும் நித்திரையில் கண்ணை உருட்டும், இவளும் பிறந்த நாளிலிருந்து உருட்டியிருப்பாள், ஆனால் அப்போதெல்லாம் யார் இப்படிக் குனிந்து பார்த்தது. கண் வைத்தியர் இருட்டறையில் வைத்துச் சொட்டு மருந்து விட்டு, கருமணி விரிந்த பிறகு, தலையில் கட்டிய சின்ன விளக்கால் உள்ளே பார்த்தார். மனைவி துவாரகா குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொண்டாள், அவன் தலையைப் பிடித்துக்கொண்டான், உள்ளங்கைக்குள் அந்தத் தலை எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண் சுத்தமாக இருக்கிறது என்றார் வைத்தியர். இன்றைக்கு, என்று ஒரு சொல்லையும் கூடச் சேர்த்தார். அந்த ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டிருந்தால் யசோதரன் வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கியிருப்பான். அவர் தன் கடமைக்குச் சொன்னார், கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார், சொல் மட்டும் இவனோடு காரில் ஏறி ஸ்காபரோவுக்கு வந்து, இந்த அறைக்குள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இதே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு என்றால் நாளைக்கு என்ன. நாளைக்கு வந்து இன்றைக்கு ஆகும்போது அது யாருடைய பொறுப்பு. குழந்தை ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பிப் படுத்தாள். அவன் தன் மூச்சை விட்டான்.

பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை அவனுக்கு. துவாரகா பகலில் பல் வைத்தியரின் கிளினிக்கில். ஆகவே பகலெல்லாம் பிள்ளை அவனுடைய பொறுப்பு, அவள் வேலையால் வர அவன் போவான், வீட்டு வாசலில் பிள்ளை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாறுவாள். இப்போது அவன் லீவில் நிற்கிறான். அன்றைக்கும் அவன்தான் நின்றான். அன்றைக்கும் இதே வெயில். பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தான், அவளுடைய சின்னச் சட்டைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையாக, ஒரு சட்டைக்கு ஒரு கிளிப். குழந்தை மரத்தால் அடித்த டெக்கின் படியில் இருந்தாள். இருந்தாள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோது படி வெறுமை, டெக்கின் கீழிருந்து இரண்டு செருப்பில்லாத கால்கள் தெரிந்தன. இழுத்து எடுத்தான். வாயில் எதையோ வைத்து மெல்லாமல் ஊறவிட்டுக்கொண்டிருந்தாள், கேக்குக்குப் போடுகிற பிளம்ஸை ஊறவிடுகிற மாதிரி. விரலை விட்டுத் தோண்டினான். கறுப்பாக, காய்ந்து, உள்ளே சின்னச் சின்ன விதைகள். முசுக்கட்டைப் பழத்து விதை என்று தெரிந்தது, மூலை மரத்தின் பழம் ஆனி மாதமே முடிந்துவிட்டதே என்று யோசித்தான், அப்படியென்றால் இது எவ்வளவு நாளைய பொருள், எதன் பொருள். குனிந்து டெக்கின் கீழே டோர்ச் அடித்தான். மூலையில் குவியலாகக் கிடந்தது. பழையதும் புதியதும். ஒரு குடும்பமே மாதக் கணக்கில் அந்த ஒரே இடத்துக்கு வந்து போயிருக்கிறது, மனிதர் கக்கூசுக்குப் போகிற மாதிரி. ரக்கூன், முகத்தில் கறுப்புப் பட்டியோடு இரவில் குப்பை கிளற வருகிற மிருகம். அவன் முதலில் அருவருத்தான், அவ்வளவுதான். வாயைக் கழுவிவிட்டான், நாக்கைத் துணியால் துடைத்தான், பிள்ளை கத்தினாள், கத்தினதால் பிஸ்கற் கொடுத்தான். அந்தப் பிஸ்கற். அதைக் கொடுக்காமல் இருந்திருந்தால் வாயில் மிச்சமிருந்தது உள்ளே இறங்காமல் இருந்திருக்குமா. இந்த இடத்தில் அவனுடைய நினைவு எப்போதும் மாட்டிக்கொள்ளும். வாய், துணி, நாக்கு, பிஸ்கற். துணி, நாக்கு, பிஸ்கற். பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்துச் சந்தோசமாகக் கடித்தாள்.

துவாரகாதான் வேலையிலிருந்து போன் அடித்துச் சொன்னாள், உடனே கொண்டுபோங்கோ, அந்தக் குவியலிலயும் கொஞ்சம் பையில எடுத்துக்கொண்டு போங்கோ என்று. அவள் கிளினிக்கில் யாரிடமோ விசாரித்திருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் தொற்றுநோய் பார்க்கிற ஒரு வைத்தியர், இளம் பெண், கதிரையை இழுத்துப் போட்டு அவர்களுக்கு எதிரே முழங்கால் தட்டுகிற தூரத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னபடியால்தான் அவனுக்குப் பயம் வந்தது. ரக்கூனின் குடலில் ஒரு வட்டப்புழு இருக்குமாம். ரக்கூனுக்கு அதனால் ஒன்றும் இல்லை, அதன் வயிறு அந்தப் புழுவுக்கு வீடு. முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்து, மண்ணில் சில கிழமை கிடந்தால்தான் விஷமாகும், புதிதைவிடப் பழையதுதான் ஆபத்து. அதை வேறு ஏதாவது விழுங்கினால், முயலோ, அணிலோ, குருவியோ, மனிதப் பிள்ளையோ, குஞ்சுப் புழு பொரித்து வெளியே வந்து தன் வீட்டைத் தேடும். அது தேடி வந்த வீடு அங்கே இல்லை. வழி தெரியாமல் உடம்பெல்லாம் அலையும். ஈரலுக்குள் போகும், கண்ணுக்குள் போகும், மூளைக்குள் போகும். போன இடத்தில் வாழவும் தெரியாது, திரும்பவும் தெரியாது. அபூர்வம், மிக மிக அபூர்வம் என்றார் வைத்தியர், ஆனால் வந்துவிட்டால் நாங்கள் திருப்பி எடுக்கக்கூடியது கொஞ்சம்தான், ஆகவே வருமுன்னமே மருந்தைத் தொடங்குவோம். மருந்து என்றால் பூச்சி மருந்துதான். அவன் வவுனியாவில் இருக்கிற அம்மாவுக்கு அடித்துச் சொன்னபோது அவர் சிரித்தே விட்டார். எங்கட வீட்டில ஆருக்கு ராசா பூச்சி இல்லை, லீவு விட்டவுடன பேதிக்குக் குடுத்தா எல்லாம் போயிடும், உதுக்கே லீவு போட்டிட்டு இருக்கிறாய் என்றார். அவனுக்கும் ஞாபகம் வந்தது, பேதி குடித்த நாளில் மூன்று சகோதரங்களும் வரிசையாக வேலியோரம் ஓடினது, பிறகு இரசம் சோறு. பூச்சி என்றால் பகிடி. பகிடியாக இருந்த சொல் ஒன்று இந்த நாட்டுக்கு வந்து இப்படி முகம் மாறி நிற்கிறது. ஆய்வுகூடத்திலிருந்து அடித்தார்கள், கொண்டுபோன பையில் முட்டை இருந்தது. நிறைய இருந்தது.

அறைக் கதவை அரைவாசி சாத்திவிட்டுக் குசினிக்கு வந்தான். கேத்திலில் தண்ணீர் நிரப்பினான். குளோரின் தண்ணீருக்கு அந்த முட்டை சாகாது, பனிக்கும் சாகாது, வருடக் கணக்கில் மண்ணில் கிடக்கும், கொதிக்கிற தண்ணீருக்கும் நெருப்புக்கும்தான் சாகும். கையுறையும் முகமூடியும் போட்டுக் குவியலை அள்ளி, மண்ணையும் அள்ளிக் கட்டிக் குப்பையில் போட்டாகிவிட்டது, டெக் பலகைகளைக் கழற்றியாகிவிட்டது, இருந்தும் ஒவ்வொரு மத்தியானமும் பிள்ளை படுத்த பிறகு கேத்தில் கேத்திலாகக் கொண்டுபோய் ஊற்றுகிறான். போதும் என்று துவாரகா சொல்லிவிட்டாள். போதும் என்று அவனுக்கும் தெரியும். கேத்தில் சூடேறுகிற சத்தத்தில் அவனுக்கு அந்த அணில் ஞாபகம் வரும், வரக்கூடாது என்று நினைத்தாலே வரும். ஒரு கறுப்பு அணில். இது நடப்பதற்குக் கொஞ்சக் காலம் முந்தி புல்லுக்கு நடுவில் நின்றது. கிட்டப் போயும் ஓடவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சரித்துக்கொண்டு, எதையோ உற்றுக் கேட்கிற மாதிரி, சுற்றிச் சுற்றி வந்தது. ஒரே வட்டம். விழுந்தது, எழும்பிற்று, மறுபடி அதே பக்கம், அதே வட்டம். இயல் கை தட்டிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். போனில் வீடியோ எடுத்தான். அணில் டான்ஸ் ஆடுகிறது என்று எழுதித் துவாரகாவுக்கு அனுப்பினான், அவள் குடும்பக் குறூப்பில் போட்டாள், லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சிரித்த முகங்கள் வந்து விழுந்தன. அந்த வீடியோவை வைத்தியருக்குக் காட்டினபோது அவர் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை போடச் சொன்னார். முழுவதும் பார்க்காமல் போனைத் திருப்பித் தந்தார். அணிலின் மூளைக்குள் அந்தப் புழு சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது, இவன் வெளியில் நின்று அந்தச் சுற்றலைப் படம் பிடித்திருக்கிறான், பின்னணியில் பிள்ளையின் சிரிப்பும் அவனுடைய சிரிப்பும் பதிவாகியிருக்கிறது. அழித்துவிட்டான். மற்றவர்களுடைய போன்களில் இருக்கும். அதைவிட, பிள்ளையிடம் இருக்கிறது. இயல் அந்த ஆட்டத்தைப் பழகிவிட்டாள். அப்பாவைச் சிரிக்க வைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால் தலையைத் தோளில் சரித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றுவாள், சுற்றிச் சுற்றித் தடக்கி விழுவாள், விழுந்த இடத்திலிருந்து அவன் முகத்தைப் பார்ப்பாள். வைத்தியர் கவனிக்கச் சொன்ன குறிகள் என்ன. தலை சரிவது. தள்ளாடுவது. விழுவது. குறிகளையெல்லாம் இவளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தது யார். விளையாட்டு எது, மற்றது எது என்று இனி யார் பிரித்துச் சொல்வது.

கேத்தில் கொதித்து அடங்கியது. பின்பக்கம் வந்து பலகை கழன்ற இடத்தில் மெல்ல ஊற்றினான். மண்ணிலிருந்து ஆவி எழும்பி ஒரு புளித்த மணம் வந்தது. அப்போது பக்கத்து வீட்டின் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது, பவளக்கா வேலையால் வந்துவிட்டார். இனி அரிசி கழுவுவார், ஒரு கறி வைப்பார், பின்னேரம் சாய்கிற நேரத்தில் சில்வர் தட்டில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு வந்து வேலி ஓரத்துச் சீமெந்துக் கல்லில் வைத்து, கா கா என்று தணிந்த குரலில் கூப்பிட்டுவிட்டு உள்ளே போவார். இந்தத் தெருவில் காகம் இறங்கி அவன் கண்டதில்லை. இருட்டுப் படுகிறபோது ரக்கூன் தாய் குட்டிகளோடு வரும். தின்னும். தின்றுவிட்டு வேலிக்குக் கீழால் நுழைந்து, வயிறு கனத்துப்போய் இங்கே, இந்தப் பலகைகளின் கீழே வந்திருக்கும். அங்கே சாப்பாடு, இங்கே கக்கூசு. இதைத் துவாரகா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அவவிட்டச் சொல்லுங்கோ, என்றாள். சொல்லுறன் என்றான். சொல்லவில்லை. இன்று காலையில் சப்பாத்துப் போட்டபடி அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள், நான் பின்னேரம் வாறதுக்கிடையில நீங்கள் அவவோட கதைக்கேல்லை எண்டால், நான் சிட்டிக்கு அடிச்சு முறைப்பாடு குடுப்பன். எனக்கு அவவில கோபமில்லை. ஆனா என்ரை பிள்ளை. அவ்வளவுதான் சொன்னாள். சிட்டிக்காரர், மாநகரசபை ஆட்கள், வருவார்கள், சீருடை போட்ட இரண்டு பேர், அந்தக் கல்லைப் படம் எடுத்து, பவளக்காவுக்குப் பாதி விளங்குகிற ஆங்கிலத்தில், உங்கள் சோற்றால்தான் என்று சொல்வார்கள்.

அவன் வெறும் கேத்திலோடு அங்கேயே நின்றான். துவாரகா பிள்ளை பெற்று வந்த நாட்களில் பவளக்காதான் சரக்கு அரைத்துக் கறி வைத்து, சூடு ஆறாமல் இந்த வேலிக்கு மேலால் சட்டியை நீட்டினவர். அம்மா பக்கத்தில் இல்லாத குறையை அந்தச் சட்டிதான் நிரப்பியது. முள்ளிவாய்க்கால் பக்கத்திலிருந்து வந்தவர், தம்பி ஸ்பொன்சர் செய்து, ஹோட்டல் ஒன்றில் வெள்ளை விரிப்புகள் தோய்க்கிற பகுதியில் வேலை. அவருடைய மகன் செந்தூரன். சண்டை முடிந்த அன்று அவரே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஆமிக்காரரிடம் ஒப்படைத்தார், விசாரிச்சிட்டு விடுவினம் என்று சொன்னபடியால். பிள்ளை பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்தது. பஸ் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தம்பியாரும் கோயில் ஐயரும் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார்கள், ஒரு நாளைக் குறித்துத் திவசத்தைச் செய்யுங்கோ, ஆத்மா அலையக்கூடாது என்று. அவர் கேட்கவில்லை. செத்தவைக்குத்தானே திவசம் என்று ஒரே பதில். ஆனால் காகத்துக்குச் சோறு வைத்தார். காகத்துக்கு எல்லா வீட்டிலும்தான் வைக்கிறது, சாப்பிட முன்னம் வைக்கிற வழக்கம், அதற்கு யாரும் செத்திருக்க வேண்டியதில்லை. செந்தூரன் இருக்கிறான் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், அந்த ஒரு தட்டுக்குள் அவர் இவ்வளவு காலம் நின்றுகொண்டிருக்கிறார். அந்தத் தட்டை எடுங்கோ என்று எப்படிச் சொல்வது. தன் பிள்ளைக்காக அவருடைய பிள்ளையின் சோற்றை எடுக்கச் சொல்வது. இப்படி யோசித்தால் யோசனை ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கின இடத்துக்கே வருகிறது. அவன் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், நேராகத்தான் இருந்தது.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி இலக்கம். பின்னேரமாகவும் அடிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள், நல்லதென்றால் தாதி அடிப்பார், மற்றதென்றால் வைத்தியரே அடிப்பார் என்று அவனாகவே ஒரு கணக்கு வைத்திருந்தான். தாதிதான். பெயரைக் கேட்டார், பிறந்த திகதியைக் கேட்டார், பிள்ளையின் பிறந்த திகதி என்று விளங்காமல் அவன் தன்னுடையதைச் சொன்னான், பிறகு திருத்தினான். இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றார் தாதி. அந்தப் புழுவுக்கு எதிராக உடம்பு எதையும் உண்டாக்கவில்லை, நல்ல செய்தி, இன்னும் சில கிழமை கழித்து ஒருமுறை எடுத்துப் பார்ப்போம், அதுவும் இப்படி வந்தால் முடிந்தது. யசோதரன் நன்றி சொன்னான். இரண்டு தரம் சொன்னான். போன் நின்ற பிறகும் காதிலேயே வைத்திருந்தான். சந்தோசம் வரவேண்டும். வருகிற சந்தோசத்துக்காகக் காத்துக்கொண்டு அவன் உள்ளே வந்து குசினி யன்னலோரம் நின்றான், பஸ் நிலையத்தில் ஆளைக் கூப்பிட வந்தவன் மாதிரி. கண் நனைந்தது, அது வந்தது. ஆனால் அந்தச் சொல்லோடு வந்து உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆள் எழும்பிப் போகவில்லை. இன்னும் ஒருமுறை என்றார்கள்தானே என்றது அது. இன்றைக்கு என்றார்கள்தானே. இத்தனை நாளும் அது பயம் என்று நினைத்திருந்தான். பயத்துக்குப் பதில் கிடைத்த பிறகும் போகாமல் இருக்கிறதற்கு என்ன பெயர்.

அப்பா, என்று அறையிலிருந்து சத்தம் வந்தது. போனபோது இயல் கட்டிலிலிருந்து தானாக இறங்கி நின்றாள், கன்னத்தில் தலையணைக் கோடு. அவனுடைய முகத்தில் எதைக் கண்டாளோ, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெல்லத் தலையைத் தோளில் சரித்துச் சுற்றத் தொடங்கினாள். அவன் உறைந்து நின்றான். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் கால் பின்னி அவள் இருந்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். இரத்தத்தில் ஒன்றும் இல்லை. இது விளையாட்டு, விளையாட்டு மட்டும்தான், அவள் அவனைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறாள், இவ்வளவு நாளும் அவள் சுற்றினபோதெல்லாம் அப்பாவின் முகம் ஏன் இறுகியது என்று அவளுக்கு எப்படித் தெரியும், சிரிப்பு வரவில்லையென்று நினைத்து இன்னும் நன்றாகச் சுற்றியிருக்கிறாள். அவன் நிலத்தில் அவளுக்கு முன்னால் இருந்தான். வாயைத் திறந்து சிரித்தான். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவளுக்கு அது போதுமாக இருந்தது, எழும்பி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வேறு எதையும் யோசிக்க முதல் பின்கதவைத் திறந்தான்.

பவளக்கா தட்டோடு வந்துகொண்டிருந்தார். வேலைக்குப் போன காற்சட்டை, மேலே பழைய சேட், தலைமயிர் ஈரம். பிள்ளையைக் கண்டதும் முகம் விரிந்து, தட்டை ஒரு கைக்கு மாற்றி மற்றக் கையை வேலிக்கு மேலால் நீட்டினார். இயலும் கையை நீட்டினாள். அவன் ஒரு அடி பின்னால் வைத்தான். அதை அவர் கவனித்தார்.

"அக்கா, உங்களோட ஒரு கதை கதைக்க வேணும்."

"சொல்லுங்கோ தம்பி."

சொன்னான். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் டெக்கிலிருந்து தொடங்கி, பழ விதை, பை, கண் வைத்தியர், அணில் என்று மாறி மாறிச் சொன்னான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மட்டும் முதலில் அவரிடம் சொல்லியிருந்தது பொய் என்றும் சொன்னான். புழு எங்கே இருக்கும், எப்படி வழி தெரியாமல் அலையும் என்று சொன்னபோது பவளக்காவின் பார்வை பிள்ளையின் நெற்றியில் நின்றது. ரக்கூன் எதற்காக இந்தப் பக்கம் வருகிறது என்ற இடத்துக்கு வந்து அவன் நிறுத்திவிட்டான். அதற்கு மேல் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவர் கையிலிருந்த தட்டைக் குனிந்து பார்த்தார். நீட்டின கையை மெல்ல மடக்கிச் சேட்டுக்குப் பின்னால் கொண்டுபோனார், அழுக்கான கையை ஒளிக்கிற பிள்ளை மாதிரி.

"காகம் வாறேல்லை எண்டு எனக்குத் தெரியும் தம்பி," என்றார். "வந்த முதல் வருசமே தெரியும். அது தாயும் மூண்டு குட்டியும். கையால அள்ளித்தான் சாப்பிடும், எங்களை மாதிரி. நான் யன்னலுக்குள்ள நிண்டு பாக்கிறனான்."

அவன் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினான்.

"தட்டு வெறுமையாகினாப் பிறகுதான் நான் சாப்பிடுறது. ஆரோ சாப்பிட்டிட்டினம் எண்டு இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்." பிறகு பிள்ளையைப் பார்த்தார். "பிள்ளைக்கு இப்ப என்னவாம்?"

"ரத்தத்தில ஒண்டும் இல்லையாம் அக்கா. இப்பதான் அடிச்சவை. இன்னொருக்கா எடுத்துப் பாக்க வேணுமாம்."

"அதுவரைக்கும் பாத்துக்கொண்டிருக்க வேணும்."

"ஓம்."

"அது கஷ்டம் தம்பி," என்றார் பவளக்கா. வேலை கஷ்டம் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். பிறகு தட்டோடு திரும்பிப் போனார். வைக்காத தட்டோடு அவர் அந்தக் கதவுக்குள் போவதை அவன் முதல் தரமாகக் கண்டான். கா கா என்ற குரல் அன்றைக்கு வரவில்லை. இயல் அந்தக் கதவைப் பார்த்து இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

துவாரகா வந்து, செய்தியைக் கேட்டு, சப்பாத்தைக் கழற்றாமலே வாசல் படியில் இருந்து அழுதாள். பிள்ளையை மடியில் இழுத்து வைத்து, உச்சியை மணந்து மணந்து அழுதாள். அவன் பக்கத்தில் நின்றான், அவளுக்கு வருகிற மாதிரித் தனக்கு வரவில்லையே என்று ஒரு பொறாமை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொல்லிட்டீங்களா என்றாள். சொல்லிட்டன். என்ன சொன்னவ. ஒண்டும் சொல்லேல்லை. துவாரகா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், நீங்கள் எனக்காகச் சொல்லேல்லைதானே, பிள்ளைக்காகத்தானே என்றாள், ஓம் என்றான், அவள் பிள்ளையைக் குளிக்க வார்க்கத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் குசினியில் விளக்குப் போடாமல் நின்றான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. வேலியின் அந்தப் பக்கம் புல் அசைந்து தாய் முதலில் வந்தது, பின்னால் குட்டிகள், ஒன்றின் வாலை ஒன்று முட்டிக்கொண்டு. இந்த மிருகத்தைக் கொல்லவேண்டும் என்று இவ்வளவு நாளும் படுக்கையில் கிடந்து விதம் விதமாக யோசித்திருக்கிறான். இப்போது அது கல்லின் முன்னால் நின்றது. சுற்றி வந்தது. முன்னங்கை இரண்டையும் கல்லில் வைத்து, கண் தெரியாத ஆள் மேசையில் எதையோ தேடுகிற மாதிரி, விளிம்பு விளிம்பாகத் தடவிப் பார்த்தது. குட்டிகளும் தடவின. பிறகு பின்னங்காலில் நிமிர்ந்து பவளக்காவின் கதவைப் பார்த்தது. அதன் வயிற்றுக்குள் புழு இருக்கிறது, நிம்மதியாக, வீட்டில் இருக்கிற மாதிரி. அது அந்த மிருகத்துக்குத் தெரியாது. அதற்குப் பசி மட்டும்தான் தெரியும். பவளக்காவின் குசினியும் இருட்டாகவே இருந்தது, ஆனால் யன்னல் சீலைக்குப் பின்னால் அவர் நிற்கிறார் என்று யசோதரனுக்குத் தெரிந்தது, சீலை ஒரு பக்கம் கொஞ்சம் விலகியிருந்தது. கொஞ்சம் பொறுத்து விளக்கு எரிந்தது. அவர் மேசையில் வந்து இருந்தார். முன்னால் தட்டு. கையைச் சோற்றில் வைத்தார். வைத்தபடியே இருந்தார். பிசையவில்லை, எடுக்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டு நின்றான். பார்த்துக்கொண்டு நிற்கிறதைத் தவிர இந்த ஒரு மாதமாக அவன் வேறென்ன செய்திருக்கிறான். மேலே துவாரகாவுக்குக் கேட்கிற மாதிரி, நான் ஒருக்காப் போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு, முன்கதவால் இறங்கித் தெருவால் சுற்றிக்கொண்டு போய் அந்த வீட்டு மணியை அடித்தான்.

பவளக்கா கதவைத் திறந்தார். வலது கையில் சோறு ஒட்டியிருந்தது.

"அக்கா, எனக்குப் பசிக்குது," என்றான். "சோறு இருக்கோ?"

அவர் அவனைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை, உங்கட வீட்டில சமைக்கேல்லையோ என்று கேட்கவில்லை. உள்ளே போய்க் கையைக் கழுவினார், சவர்க்காரம் போட்டு, விரலிடுக்கெல்லாம், நீண்ட நேரம். அவனும் கழுவினான். மாட்டியிருந்த தட்டில் ஒன்றை எடுத்துச் சோறு போட்டார், கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, ஒரு பொரித்த மிளகாய். அவன் அவருக்கு எதிரே இருந்து முதல் பிடியைப் பிசைந்து வாயில் வைத்தான். இந்தச் சோறு, இந்தக் கை, இந்த வீட்டின் மண் என்று அந்த உள்ளே இருந்த ஆள் எண்ணத் தொடங்கியது அவனுக்குக் கேட்டது. மென்றான். விழுங்கினான். இரண்டாவது பிடியையும் விழுங்கினான். பவளக்கா அவனுடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தன் தட்டுக்குத் திரும்பி ஒரு சின்னப் பிடி எடுத்தார்.

பின்கதவின் அடிப்பக்கத்தில் சின்னக் கைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டு விட்டு, உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்து தட்டுகிற மாதிரி. பவளக்காவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. யசோதரன் இன்னும் கொஞ்சம் பருப்பு விடச் சொன்னான். அவர் விட்டார். தட்டுகிற சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. இருவரும் எழும்பவில்லை.